பிணம் நகர்ந்த ஞாயிற்றுக்கிழமை

அண்ணி,

போன வாரம் பாரோயில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். நல்ல வெயில். வாசலில் நின்ற பெண் ஒரு கிளாஸ் சிராப்பைக் கையில் கொடுத்தாள். ஐஸ் மிதக்கும் சிவப்புத் தண்ணீர். வாய்க்குக் கொண்டுபோகும்போதே அந்த ரோஜா வாசனை மூக்கில் ஏற, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், புரையேறியது. மாப்பிள்ளையின் அத்தை, கண்டிப்பான அம்மா, சீனி கூடிப்போச்சா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். இந்த வாசனை வந்தால் எனக்கு ஒரு கொலை ஞாபகம் வரும் என்று நிச்சயதார்த்த வீட்டில் எப்படிச் சொல்வது?

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். சொல்லிவிட்டு, அந்த அத்தையையும் பக்கத்தில் உட்காரவைத்து முழுக்கதையையும் கேட்க வைத்திருப்பீர்கள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு ரெம்பாவுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்துக்கு நீங்கள் வந்தபோது, சிரம்பானிலிருந்து டவுன் பெண் வருகிறாள் என்று, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பெரிய பெட்டி, உயர்ந்த செருப்பு என்று எதையெதையோ எதிர்பார்த்தார்கள். நீங்கள் வந்து இறங்கியதும் முதலில் கேட்டது, இங்கே படம் எங்கே காட்டுவார்கள் என்று. உங்கள் அப்பா சிரம்பானில் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டால் நீங்கள் நேரே அங்கேதான். வீட்டுப்பாடம் எழுதியது, சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் கடைசி வரிசையில். ஒரு படம் ஓடி முடியும்வரை அதையே தினமும் பார்க்க வேண்டும். வேறு வழியில்லை.

சஸ்பென்ஸ் படங்கள் மேல் உங்களுக்கு மரியாதை போனது அங்கேதான் என்பீர்கள். முதல் நாள் பயந்தீர்கள். இரண்டாம் நாள் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் திரையில் மிச்சமிருந்ததெல்லாம், கொளுத்தும் வெயிலில் கனத்த கோட்டுப் போட்டுக்கொண்டு அலையும் ஒரு மனிதர், ஆள் வருவதற்கு முன்பே கிறீச்சிடும் ஒரு கதவு, எவனும் எதுவும் செய்யாதபோதே அலறும் வயலின். "சஸ்பென்ஸ் படம் ஒரு தடவதான் லா. அதக் கிண்டல் பண்ற படம் எத்தன தடவ பாத்தாலும் புதுசு" என்று என்னிடம் சொன்னீர்கள். அப்படிப்பட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் நீங்கள் மனதில் வைத்திருந்தீர்கள். பேய் பங்களாவில் குடியேறியவர்களைப் பார்த்துப் பேயே காலிசெய்துகொண்டு போகும் படம். துப்பறிபவர் ஒருவனைப் பின்தொடர, அவன் இவர்தான் கொலைகாரர் என்று நினைத்து இவரைப் பின்தொடர, இருவரும் ஒரே மரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் படம். வில்லன் பீரோவுக்குள் ஒளிந்துகொள்ள, அது தெரியாமல் அதன் கதவில் சாய்ந்து உட்கார்ந்து ஒருவர் நிதானமாகச் சோறு சாப்பிடும் படம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில்தான் எனக்கு அப்போது வேலை. மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் நீங்கள் வந்து, அந்தப் படங்களை எனக்கு நடித்தே காட்டுவீர்கள். கதவாகவும் நீங்களே கிறீச்சிடுவீர்கள். பிள்ளைகள் விழித்துக்கொள்ளும்.

அண்ணனோ வேறு ரகம். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் அவர் பெயர்களைக் கூப்பிடும்போது இருமக்கூட ஆட்கள் யோசிப்பார்கள். அவருக்கு இருந்த ஒரே ஆசை துப்பறியும் கதை. அதைச் சாமி கும்பிடுவதுபோல் செய்வார். கைகால் கழுவி, நாற்காலியில் நேராக உட்கார்ந்து, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்துவிட்டுப் படிப்பார், தவறிக்கூடக் கண் பட்டுவிடக் கூடாதென்று.

இந்த இரண்டு பேருக்கும் ஜாதகப் பொருத்தம் பார்த்தவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கல்யாணமான புதிதில் அண்ணன் ஒரு சஸ்பென்ஸ் படத்தின் வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்துவந்தார். லயத்தில் பாதிப்பேர் எங்கள் வீட்டில். ஜன்னலுக்கு வெளியிலும் தலைகள். யாரும் பேசக் கூடாது என்று அண்ணன் பெரட்டில் சொல்வதுபோல் சொன்னார். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நீங்கள் கோப்பி கலக்கி எடுத்துவந்தீர்கள். திரையை ஒரு தடவை பார்த்தீர்கள். ஒரு டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அட, இந்தப் படமா? இந்த டாக்டருதான்" என்று சொல்லிவிட்டு, கோப்பியை நீட்டினீர்கள்.

அந்த வீட்டில் அப்போது நிலவிய அமைதியை எந்தப் படத்திலும் நான் கேட்டதில்லை. அண்ணன் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். கோழிகளுக்கு இரை போட்டுக்கொண்டு நின்றார். ஜனங்கள் மட்டும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்கள். டாக்டர்தான்.

அதற்கு அடுத்த பொங்கலுக்கு இளைஞர் மன்றத்தில் நாடகம் போடலாம் என்று பேச்சு வந்தது. எப்போதும் சாமி நாடகம், இல்லாவிட்டால் குடிகாரன் திருந்தும் நாடகம். இந்தத் தடவை தானே எழுதுவதாக அண்ணன் முன்வந்தார். ஒரு கொலை நாடகம். பணக்காரர் ஒருவர் தன் வீட்டில் குத்துப்பட்டுக் கிடக்கிறார். வீட்டிலிருந்த ஐந்து பேர்மேலும் சந்தேகம். துப்பறிபவராக அண்ணனே நடிப்பது. கல்யாண வரவேற்புக்குத் தைத்த கோட்டு ஒன்று சும்மாதானே தொங்கிக்கொண்டிருந்தது. முடிவு என்ன என்பதை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றார். நடிப்பவர்களுக்கும் மேடையில்தான் தெரியும். அப்போதுதான் முகத்தில் உண்மையான அதிர்ச்சி வருமாம்.

பிணமாக நடிக்க லாரி ஓட்டும் முனியாண்டி அண்ணன் ஒத்துக்கொண்டார். மலைபோல உடம்பு. வசனம் ஏதும் உண்டா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை, படுத்திருந்தால் போதும் என்றதும், இவ்வளவு நல்ல வேஷத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்களே என்று அவருக்குச் சந்தோஷம். திரை இழுப்பது உங்கள் வேலை. இடி என் வேலை. ஒரு துத்தநாகத் தகடும் கட்டையும் கொடுத்திருந்தார்கள்.

ஒத்திகை தொடங்கியபிறகுதான் வேடிக்கை. சந்தேகப்படும் ஐந்து பேரில் ஒருவன் தனபாலன். அவனுக்கு ரெம்பாவில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்வீட்டார் நாடகம் பார்க்க வருவதாக இருந்தது. அவன் அம்மா அண்ணனிடம் வந்து, என் பிள்ளையைக் கொலைகாரனாக்கிவிடாதீர்கள், நல்லது நடக்கிற நேரம் என்று கண்கலங்கினார். அண்ணன் சரி என்றுவிட்டார். மறுநாள் மருந்தகத்து டிரெசர் வந்தார். கொலைகாரனாக ஒரு தடவை மேடையில் பார்த்துவிட்டால் அப்புறம் என்னிடம் ஒருத்தரும் ஊசி போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்றார். அதுவும் நியாயம்தான். பிறகு, ஆட்களை மேய்த்து வேலை வாங்கும் மண்டோர் வந்தார். ஏற்கெனவே ஆட்கள் என்னைப் பின்னால் என்னென்னவோ சொல்கிறார்கள், இது வேறா என்றார். வாத்தியார் வந்தார். கடைசியாகப் பூசாரி மகன் வந்தான். ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஆபீஸ் பின்கதவு வழியாக. அண்ணன் ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்தார், வெளியில் சொல்லக் கூடாது என்ற கட்டளையோடு.

ஆனால் அவர்கள் வீட்டுப் பெண்களெல்லாம் உங்களிடம் வந்து நன்றி சொன்னார்களே. ஆயாக் கொட்டகையில் உட்கார்ந்து நீங்கள் விரல் மடக்கிக் கூட்டிப் பார்த்தீர்கள். கை முழுக்க மடங்கிவிட்டது. அன்று இரவுச் சோறு போடும்போது, ஏங்க, அப்ப யாருதான் கொன்னது என்று அண்ணனிடம் கேட்டீர்கள். அதைச் சொன்னால் சஸ்பென்ஸ் போய்விடும் என்று அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சரியாகச் சாப்பிடவும் இல்லை. கைகழுவ அவர் வெளியே போனதும் என் காதருகே வந்தீர்கள். "புள்ள, ஒங்க அண்ணனுக்கே தெரியாது."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பட்டப்பகலில் இருட்டு வேண்டுமென்று மண்டபத்து ஜன்னலெல்லாம் கோணிச்சாக்கு. மேலே தகரக் கூரை. உள்ளே இட்லி வேகும் சூடு. அதில் கல்யாணக் கோட்டோடு அண்ணன். ரத்தத்துக்குச் சிவப்பு மையைத்தான் முதலில் யோசித்தார்கள். சட்டையில் கறை போகாது என்று முனியாண்டி அண்ணனின் மனைவி தடுத்துவிட்டார். வெற்றிலைச் சாறு துப்புவது மரியாதையில்லை. ஆகவே சிராப். தண்ணீர் கலக்காத கெட்டிச் சிராப்பைப் பிணத்தின் மார்பிலும் மேடையிலும் தாராளமாக ஊற்றினார்கள். பார்க்க நிஜ ரத்தம்போலவே இருந்தது. வாசனை மட்டும் கல்யாண வீடு.

திரை விலகியது. முன் வரிசையில் ரெம்பாவிலிருந்து வந்த பெண்வீட்டார். பிணத்தைப் பார்த்ததும் ஒரு கிழவி ஐயோ என்றார். அண்ணன் முகத்தில் ஒரு திருப்தி. நான் இடி கொடுத்தேன். அவர் பிணத்தைச் சுற்றி நடந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். ஜனங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். உண்மையிலேயே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது அண்ணி.

அந்த மேடைப் பலகைகளுக்கடியில் கட்டெறும்புப் புற்று இருந்தது யாருக்குத் தெரியும்?

முதலில் பிணத்தின் கால் கட்டைவிரல் ஆடியது. ஒரு குழந்தை அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னது. அப்புறம் பிணம் லேசாகத் தோளைக் குலுக்கியது. அப்புறம் வயிறு. அவ்வளவு பெரிய வயிறு குலுங்கினால் எப்படித் தெரியாமல் இருக்கும்? முனியாண்டி அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பாவம், தனக்கு வசனம் இல்லை என்பதை அப்போதும் அவர் மறக்கவில்லை. கடைசியில் ஒரு கை மெதுவாக எழுந்து, கழுத்தைச் சொறிந்துவிட்டு, மறுபடி செத்து விழுந்தது.

மண்டபம் சிரிப்பில் உடைந்தது. அண்ணன் நடு மேடையில் நின்றார். வசனம் மறந்துவிட்டது. கோட்டு முதுகில் வியர்வை படர்வது எனக்குப் பக்கவாட்டிலிருந்து தெரிந்தது. சிரிப்பை நிறுத்தலாம் என்று நான் ஒரு இடி கொடுத்தேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

நீங்கள் திரைக்கயிற்றை என் கையில் திணித்தீர்கள். இழுத்து மூடச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, நீங்கள் மேடைக்குள் நடந்தீர்கள். அப்படி ஒரு பாத்திரமே நாடகத்தில் இல்லை.

"ஐயா, பொணத்தக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்க. கூட்டணும்."

முனியாண்டி அண்ணன் உயிர் வந்ததுபோல் ஒரு புரண்டு புரண்டார்.

அண்ணன் உங்களை முறைத்தார். அவருக்கு அப்போது தெரிந்ததெல்லாம் துப்பறிபவரின் பேச்சு ஒன்றுதான். அதே கனத்த குரலில், யாரும் பிணத்தைத் தொடக் கூடாது என்றார்.

"நான் தொடல ஐயா. அதுவாத்தான் நகருது."

அடுத்து நடந்ததையெல்லாம் ஜனங்கள் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொலை நடந்தபோது நீ எங்கே இருந்தாய் என்று அண்ணன் கேட்டார். எந்தக் கொலை, இவரா, இவர் இப்போதுதானே என்னிடம் தண்ணீர் கேட்டார் என்றீர்கள். இவருக்கு எதிரி யார் என்றார். எறும்புதான் ஐயா என்றீர்கள். அண்ணன் கோபப்படக் கோபப்பட, குரலைக் கனப்படுத்தக் கனப்படுத்த, சிரிப்பு கூரையில் மோதியது. பெண்வீட்டுக் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் நான் அண்ணன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விசாரணை முடியும் இடத்துக்கு நாடகம் வந்துவிட்டது. ஐந்து பேரும் வரிசையில் நின்றார்கள். கொலைகாரனைக் காட்ட வேண்டும். அவர் விரலைத் தூக்கிவிட்டார். விரல் ஒவ்வொருவர்மேலும் போகிறது, எங்கேயும் நிற்கவில்லை. தனபாலன், டிரெசர், மண்டோர், வாத்தியார், பூசாரி மகன். ஐந்து பேரும் அண்ணனைக் கெஞ்சுவதுபோல் பார்த்தார்கள்.

நீங்கள் துடைப்பத்தால் முனியாண்டி அண்ணனை லேசாக ஒரு தட்டுத் தட்டினீர்கள். அவர் எழுந்து உட்கார்ந்தேவிட்டார்.

"ஐயா, செத்தவரே எந்திரிச்சிட்டாரு. இனிமே கொலகாரன் எதுக்கு?"

நான் திரையை இழுத்தேன். என் வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் செய்த ஒரே மேடை வேலை அதுதான்.

மண்டபமே எழுந்து கைதட்டியது. தனபாலனுக்குப் பெண் உறுதியானது. எங்கள் வீட்டில் மட்டும் பேச்சு நின்றது.

மறுநாள் பெரட்டில் அண்ணன் பெயர் கூப்பிட்டபோது, பின் வரிசையில் யாரோ மெல்லிய குரலில், அதுவாத்தான் நகருது ஐயா என்றானாம். கூட்டமே சிரித்ததாம். அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து என்னிடம், என்னிடம் மட்டும், சொன்னார். இத்தனை வருஷம் சம்பாதித்த மரியாதை ஒரு மத்தியானத்தில் போனது என்று. நீங்கள் அடுப்பருகே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். அதற்கப்புறம் எல்லாம் என் வழியாகத்தான். உன் அண்ணியிடம் சட்டை எங்கே என்று கேள். உங்க அண்ணனிடம் கொடியில் என்று சொல். மூன்று பேரும் ஒரே அறையில் நின்றுகொண்டே இப்படிப் பேசினோம். இதுவே உங்கள் படங்களில் வந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பீர்கள். நாள் போகப் போக உங்கள் முகம் சுருங்கியது. ஒரு நாள் நான் வேலை விட்டு வந்தபோது, கட்டில்மேல் உங்கள் பெட்டி திறந்திருந்தது. பாதி சேலைகள் உள்ளே.

எனக்குத் தாங்கவில்லை. இப்போதே ஆபீஸுக்குப் போய், உங்களுக்கு முடிவே தெரியாது என்று அண்ணி முன்பே கண்டுபிடித்துவிட்டார், உங்களைக் காப்பாற்றத்தான் மேடையேறினார் என்று அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அவ்வளவு இறுக்கமாக நீங்கள் பிடித்து நான் பார்த்ததில்லை.

"வேணாம் புள்ள. அவரு கிராணி. முடிவு தெரியாம நாடகம் போட்டாருன்னு பேரு வாங்கறதவிட, பொண்டாட்டி வந்து கெடுத்துட்டான்னு இருக்கட்டும். அது எனக்குப் பரவால்ல."

அப்படியானால் பெட்டி எதற்கு என்றேன். பேசாத வீட்டில் எவ்வளவு நாள் இருப்பது, எனக்கு வாய் மட்டும்தானே சொத்து என்றீர்கள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தீர்கள். வரவில்லை.

அந்த வாரமே பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோயில் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். திருவிழாவுக்கு அந்தச் சிரிப்பு நாடகத்தைத் தங்கள் தோட்டத்தில் போட வேண்டும், கிராணியார் பிரமாதமாக நடித்தாராமே, கடைசிவரை சிரிக்கவே இல்லையாமே என்றார்கள். அண்ணன் முடியாது என்று எழுந்துவிட்டார். அது சிரிப்பு நாடகம் இல்லை என்று வேறு சொன்னார். வந்தவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

அவர்கள் போனதும் நீங்கள் நேரே அண்ணன் முன்னால் போய் நின்றீர்கள். என் வழியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கச் சிரம்பான் போகிறேன், நீங்களும் வந்து ஒரே ஒரு படம் பாருங்கள், அதற்கப்புறம் நான் அங்கேயே இருக்க வேண்டுமென்றாலும் இருந்துகொள்கிறேன் என்றீர்கள். அண்ணன் திறந்திருந்த பெட்டியை அப்போதுதான் கவனித்தார். என்னைப் பார்த்து, நீயும் வா என்றார். தனியாகப் போகப் பயம் போல.

உங்கள் அப்பா வேலை செய்த கொட்டகையில் அன்று பழைய படம். மத்தியானக் காட்சி. பேய் பங்களாவுக்குத் துப்பறிய வரும் ஒரு மனிதரின் கதை. பயம் காட்டும் படங்களில் வருவதெல்லாம் அதிலும் வந்தது. புயல், அணையும் விளக்கு, சுவரில் நீளும் நிழல். ஆனால் நிழல் நீண்டு நீண்டு கடைசியில் ஒரு வாழைத்தாராக முடிந்தது. துப்பறிபவர் கைரேகை எடுக்கப் போய், தன் கையே பசையில் ஒட்டிக்கொள்ள, அந்த மேசையையும் தூக்கிக்கொண்டே விசாரணை நடத்தினார். கொட்டகை அதிர்ந்தது. நான் சிரித்துச் சிரித்துச் செருப்பைத் தொலைத்தேன். உங்கள் அப்பா டார்ச் அடித்துத் தேடிக் கொடுத்தார். நீங்கள் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் பரீட்சை எழுதுபவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது ரெம்பாவ் பஸ்ஸில் கூட்டமில்லை. நீங்களும் அண்ணனும் ஒரு இருக்கையில், நான் பின்னால். பெட்டியை நீங்கள் கொண்டுவரவில்லை, கொண்டுபோகவும் இல்லை. அது கட்டில்மேலேயே கிடந்தது. பஸ் சிரம்பானைத் தாண்டியது. அப்புறம் அண்ணன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, ஆனால் உங்களிடமே, பேசினார்.

"அந்த ஆளு ஒரு தடவகூடச் சிரிக்கல."

"சிரிச்சா படம் போச்சுங்க. அவரு நெசமாவே கொலகாரனத் தேடணும். அப்பத்தான் நமக்குச் சிரிப்பு வரும். ஒங்கள மாதிரி ஒரு ஆளு எந்தக் கொட்டகையிலயும் கெடைக்காது."

பஸ் ஓர் இடத்தில் நின்று, ஆள் இறங்கி, மறுபடி கிளம்பியது.

"எனக்கு முடிவு தெரியாது. அன்னிக்கு மேடையில நிக்கும்போதுகூட."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நாடகத்துக்கு முந்தியே."

அவர் திரும்பி உங்களை முழுசாகப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து, கிடைத்த செருப்பைச் சரிசெய்வதுபோல் இருந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது, அண்ணன் தன் கைக்குட்டையை உங்களிடம் கொடுத்திருந்தார். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். வீட்டுக்கு வந்து பசியாறியதும் அந்தப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தது அவர்தான்.

பக்கத்துத் தோட்டத்தில் நாடகம் போட்டோம். அதன்பிறகு இன்னொரு தோட்டத்தில். ஒரே பிரச்சினை முனியாண்டி அண்ணன். எறும்பு கடிக்கிற மாதிரி நடியுங்கள் என்றால் அவருக்கு வரவே இல்லை. தண்ணீரில் விழுந்த மாடுபோல் உதறினார். எறும்பு இருந்தால்தான் வருகிறது கிராணியாரே என்று வருத்தப்பட்டார். அண்ணன் அவரோடு தினமும் சாயங்காலம் உட்கார்ந்து, கட்டைவிரல், தோள், வயிறு என்று வரிசைப்படுத்திக் கற்றுக்கொடுத்தார். கொலையை எழுதியதைவிட அதிக சிரத்தையோடு. பெரட்டில் எவனாவது கிண்டல் செய்தால், எந்த இடத்தில் அதிகம் சிரித்தாய் என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்.

பல வருஷம் போய், எனக்கும் கல்யாணமாகிப் பிள்ளை வளர்ந்தபிறகு, தோட்டத்தை விற்றார்கள். லயங்கள் போயின. நான் செண்டாயானில் மகன் வீட்டுக்கு வந்தேன், நீங்கள் இருவரும் பாரோய்க்கு. கேசட் போய் சிடி வந்து, சிடி போய் கைப்பேசி வந்தது. உங்கள் படங்கள் மட்டும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த வாழைத்தார் நிழல், அந்தப் பசை மேசை. அண்ணனுக்கு வசனமெல்லாம் மனப்பாடம். ஆனால் அவர் ஒரு புதுப் படம் எடுத்துவந்தால், சமையலறையிலிருந்தே நீங்கள் ஒரு குரல் கொடுக்க வேண்டும். அந்தத் தோட்டக்காரன்தான், அந்த மாமாதான் என்று. அவர் ஆத்திரப்படுவார். நீங்கள் குரல் கொடுக்க மறந்தால், ஏன் இன்னும் சொல்லவில்லை என்று எழுந்து வந்து பார்ப்பார்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த அந்தக் கடைசி நாட்களைப் பற்றி எழுத வேண்டாமென்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் உங்களிடம் மறைத்து என்ன? பெரிய டாக்டர் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, கோப்பைப் புரட்டி, மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் என் பக்கம் திரும்பி, டாக்டருக்கு மியூசிக் இன்னும் வரவில்லை போல, அதுதான் காத்திருக்கிறார் என்றீர்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. டாக்டர் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதை உங்கள் முகத்தில் பார்த்தேன்.

அண்ணன் மருந்து வாங்கக் கீழே இறங்கினார். அப்போது சொன்னீர்கள்.

"ஒங்க அண்ணனுக்கு முடிவு தெரியாம உக்காந்திருக்கத் தெரியாது புள்ள. நான் சொல்லிச் சொல்லியே பழக்கிட்டேன். கூடப் போய் உக்காந்துக்க."

காரியமெல்லாம் முடிந்து வெகு நாள் அண்ணன் தொலைக்காட்சியைத் தொடவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்தேன். சும்மாதான். அவர் பேப்பர் படிப்பார், நான் கீரை ஆய்வேன். ஒரு நாள் என் பேரன் கைப்பேசியில் தேடி, நாங்கள் யாருமே பார்த்திராத ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிய திரையில் போட்டுவிட்டுப் போனான். ரயிலில் காணாமல் போகும் ஒரு வைரம், பெட்டி நிறையச் சந்தேகப்பட வேண்டிய ஆட்கள், அதைக் கண்டுபிடிக்கக் கிளம்பி ஒவ்வொரு நிலையத்திலும் தவறான ரயிலில் ஏறிக்கொள்ளும் ஒரு போலீஸ்காரர். படம் ஓட ஓட அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். பாதியில், சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு என்னிடம், யாராக இருக்கும் என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும் அண்ணி? நான் ஆயாக் கொட்டகையில் கதை கேட்டவள்தானே. தெரியவில்லை அண்ணா, பார்ப்போம் என்றேன். அவர் டிக்கெட் பரிசோதகர் என்றார். நான் அந்த வெள்ளைச் சேலைக்காரி என்றேன். கடைசிவரை உட்கார்ந்து பார்த்தோம். இரண்டும் தப்பு. வைரத்தை யாருமே திருடவில்லை. போலீஸ்காரர் முதல் நிலையத்திலேயே தெரியாமல் தன் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். அண்ணனுக்குக் கோபமான கோபம். இதெல்லாம் ஒரு முடிவா, எழுதினவனுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா என்று எழுந்து நடந்தார். நடந்துகொண்டே, அடுத்த வாரத்துக்கு இதே மாதிரி வேறொன்று தேடச் சொல் என்றார்.

இப்போது வாரம் ஒரு படம். இதுவரை நாங்கள் இருவரும் ஒன்றைக்கூடச் சரியாகச் சொன்னதில்லை. எனக்கு முடிவு தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரியாமலேயே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் அண்ணி.